ஏசி அறையில் சிகரெட், வேப்: காற்று சுத்திகரிப்பான் வாங்கினால் தீருமா?

லாஸ்பேட்டை_மாடி
புதுச்சேரி லாஸ்பேட்டையில் அடுக்ககம், இரண்டாம் மாடி. படுக்கையறை 12க்கு 10 அடி, கூரை உயரம் 10 அடி. ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. ஒட்டினாற்போல பாத்ரூம், அதில் 6 அங்குல எக்ஸாஸ்ட். வீட்டில் ஒருவர் ஜன்னலோரம் நின்று நாளுக்கு மூன்று சிகரெட். இன்னொருவர் வேப் (மின்-சிகரெட்). எட்டு மாதக் குழந்தை தூங்குவதும் அதே அறையில்தான். சுத்திகரிப்பான் வாங்கினால் போதுமா, இல்லை எக்ஸாஸ்டை ஓட விட்டாலே போதுமா? வேப்புக்கு நாற்றமே இல்லை, அதனால் கணக்கில் சேராது என்கிறார்கள். அது சரியா?

கெடிலக்கரை
முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். அப்புறம் யாரும் "எனக்கென்னவோ அப்படித் தோணுது" என்று பேச வேண்டியிருக்காது.

உங்கள் அறை 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். ஒரு சிகரெட் எரிந்து முடியும்போது அறைக்குள் விடும் நுண்துகள் (பிஎம் 2.5) ஏறக்குறைய 10 முதல் 14 மில்லிகிராம். 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 மைக்ரோகிராமை 34 ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 350 சொச்சம். ஒரே ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு. ஒரு நாள் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021ல் வைத்த வரம்பு 15. நம் நாட்டு வரம்பு 60.

அது எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பது அறைக் காற்று மணிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறையில் அரைத் தடவைதான். துகள் சுவரிலும் தரையிலும் படிவதையும் சேர்த்து 0.6 என்று வைக்கலாம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் கழித்து 190க்கு மேல் நிற்கும். மூன்று மணி நேரம் கழித்து 60க்குச் சற்றுக் கீழே. 15ஐத் தொட ஐந்தே கால் மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் பிடித்ததைக் குழந்தை விடிகாலை மூன்று மணி வரை சுவாசிக்கிறது.

ஒரு நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு சிகரெட் மட்டும் சுமார் 25 கூட்டும். மூன்று என்றால் 73. வெளிக்காற்றில் இருப்பது தனி. ஜன்னலோரம் நிற்பதற்கு ஏதோ கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், ஆனால் காற்று உள்நோக்கி அடிக்கும்போது அந்தக் கழிவும் கிடையாது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. உள்ளே இருக்கும் வலை பஞ்சு, முடி, பெரிய தூசிக்கு. சிகரெட் புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே, பெரும்பாலும் 0.1 முதல் 0.4. அந்த வலை அதற்குத் திறந்த கதவு.

வடிகட்டி
கெடிலக்கரை கணக்கு சரி. அதே கணக்கில் சுத்திகரிப்பானைச் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: சிஏடிஆர். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது. "500 சதுர அடிக்கு ஏற்றது" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மணிக்கு ஒன்றிரண்டு தடவைதான் காற்று சுத்தமாகும் என்று வைத்துக்கொண்டும் அதை எழுதலாம். புகைக்கு ஐந்து தடவையாவது வேண்டும். உங்கள் 34 கன மீட்டருக்கு சிஏடிஆர் 170. அப்படி ஒன்று முழு வேகத்தில் ஓடினால் 350 என்பது 15க்கு வர 35 நிமிடம்கூட ஆகாது.

முழு வேகத்தில் ஓடினால்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். சத்தம் தாங்காமல் எல்லோரும் இரவு மோடுக்கு மாற்றுவார்கள். அதில் 170 என்பது 40 ஆகிவிட்டால் அதே வேலைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆகவே 170 போதும் என்று 170ஐ வாங்காமல், நடு வேகத்திலேயே 170 தரும் பெரிய மாடலாகப் பாருங்கள்.

இடம்: சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பீரோ இடுக்கில் இல்லாமல். குழந்தையின் தொட்டிலுக்கும் புகைப்பவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே வைத்தால் புகை தொட்டிலைத் தொடும் முன் கொஞ்சம் இழுபடும். ஹெப்பா வடிகட்டியை (உள்ளே நுண்துகளைப் பிடிக்கும் அடர்ந்த இழைத் தாள்) தண்ணீரில் கழுவாதீர்கள். கழுவினால் இழை குலைந்து ஓட்டை விழும், பார்வைக்குத் தெரியாது. சிகரெட் வீட்டில் தார் ஏறி அது சீக்கிரம் அடைபடும். நிறுவனம் ஒரு வருடம் என்றால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயனி விடுகிறது, ஓசோன் விடுகிறது என்று விற்பதைத் தொடவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை அரிக்கும். போதாததற்கு, சுவரில் படிந்த நிகோட்டினோடு சேர்ந்து புதிதாக நுண்துகளை உண்டாக்கும்.

லாஸ்பேட்டை_மாடி
வடிகட்டி சார், அப்படியானால் 35 நிமிடத்தில் சுத்தமாகிவிடுகிறதே. நாள் சராசரியும் ஒரு சிகரெட்டுக்கு 25லிருந்து 3க்குக் கீழே வந்துவிடும் போலிருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

கெடிலக்கரை
துகளை மட்டும் பார்த்தால் பிரச்சினை இல்லை. இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிகரெட் புகையில் பாதி கதைதான் துகள். மீதி ஆவியும் வாயுவும்: நிகோட்டின், பென்சீன், அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்ஸைடு. ஹெப்பாவில் இவை எதுவும் நிற்காது. கூடவே ஒரு கரி வடிகட்டி இருக்கும், உண்மை. ஆனால் வீட்டு மாடல்களில் பெரும்பாலும் அது கரித்தூள் தூவிய பஞ்சுத் தாள்தான். நாற்றத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும், நிரம்பியதும் பிடித்ததையே திரும்ப விடும். வாயுவைப் பிடிக்கக் கிலோக் கணக்கில் கரி வேண்டும். ஃபார்மால்டிஹைடு அப்போதும் சாதாரணக் கரியில் ஒழுங்காக நிற்காது. கார்பன் மோனாக்ஸைடு எந்தக் கரியிலும் நிற்காது.

இன்னொன்று. 350 என்பது புகை அறை முழுக்கக் கலந்த பிறகு வரும் எண். பிடிப்பவருக்கு மூன்றடி தள்ளிப் படுத்திருக்கும் குழந்தைக்கு முதல் பத்து நிமிடம் அந்தச் சராசரி பொருந்தாது, பல மடங்கு கூட வரும். இயந்திரம் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் நிலைப்பாடும் இதுதான்: காற்றோட்டத்தாலோ வடிகட்டியாலோ புகையிலைப் புகையின் ஆபத்தை நீக்க முடியாது, உள்ளே புகைக்காமல் இருப்பதே வழி. ஏசி, டக்ட் என்று வடிவமைப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிச் சொல்வதைக் கவனியுங்கள்.

வடிகட்டி
ஒப்புக்கொள்கிறேன். சுத்திகரிப்பான் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புகை வெளியே போன பிறகும் மிச்சம் வருவதற்கு அது இருக்கட்டும். உள்ளே பிடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

சுண்ணாம்பாறு
வேப் பற்றி யாரும் தொடவில்லையே. இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிகரெட் இழுக்காத நேரத்திலும் நுனி கனன்றுகொண்டே புகை விடும். அறையில் சேர்வதில் பெரும்பங்கு அந்தப் பக்கவாட்டுப் புகைதான். வேப்பில் அது கிடையாது, வாயிலிருந்து ஊதுவது மட்டுமே வெளியே வருகிறது. ஆகவே அறையில் சேரும் அளவு சிகரெட்டை விடக் குறைவு. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அது "வெறும் நீராவி" இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள் நான்கும் சேர்ந்த துளிகள். திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருள் சூடேறும்போது அதிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகம் சிறிதளவு கலக்கிறது. திரவம் ஊறும் பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தாலோ வாட்டை ஏற்றினாலோ ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் கூடுகின்றன. தொண்டையில் கருகிய சுவை தட்டுகிறதே, அப்போதுதான். நாற்றம் இல்லை என்பது அளவுகோலே ஆகாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வேப் ஊதியதும் கையடக்க பிஎம் மீட்டரில் எண் எகிறும், இரண்டு மூன்று நிமிடத்தில் சரசரவென்று இறங்கிவிடும். "பார், காற்று சுத்தமாகிவிட்டது" என்பார்கள். துளிகள் ஆவியாகிவிட்டன, அவ்வளவுதான். ஒளிச் சிதறலை அளக்கும் சென்சாருக்கு ஆவி தெரியாது. துளியாக இருந்த நிகோட்டின் ஆவியாகிச் சுவரிலும் திரையிலும் ஒட்டிக்கொள்கிறது. வேப் பிடிக்கும் அறையில் ஜன்னல் கண்ணாடியையும் டிவி திரையையும் விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல். கடலோர ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் இரவுகளில் அந்தச் சென்சார்கள் ஈரத்தில் ஊதிப் பெருத்த துகளையும் பெரிதாகவே கணக்கிடும். ஏசி போட்ட அறையில் காட்டும் எண்ணையும் மொட்டை மாடியில் காட்டும் எண்ணையும் நேராக ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில் வைத்து, பிடிக்கும் முன் எவ்வளவு, பிடித்த பின் எவ்வளவு என்று பாருங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் எனக்குப் புகையை விடப் பயம் அந்தப் புட்டி. மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின் என்றால் 30 மில்லி புட்டியில் 600 மில்லிகிராம். ஒரு சிகரெட் பிடிக்கும் பெரியவர் உடம்பில் ஏறுவதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பழ வாசனை அடிக்கும், தவழும் குழந்தை வாயில் வைக்கும். தோலில் சிந்தினாலும் உள்ளே இறங்கும்.

நெல்லிக்குப்பம்_கரும்பு
நல்ல வடிகட்டி வைத்த வேப் மாடல் எங்கே கிடைக்கும்? பாண்டியில் தடை கிடையாதுதானே?

மட்டுறுத்துநர்
எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. சாராய விலை மாதிரி இதிலும் புதுச்சேரிக்குத் தனி விதி என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு மின்-சிகரெட் தடைச் சட்டம் மத்தியச் சட்டம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழை தொடரட்டும்.

மஞ்சக்குப்பத்தான்
எக்ஸாஸ்ட் கேள்விக்கு வருகிறேன். பாத்ரூமில் நின்று பிடித்துவிட்டு ஃபேனைப் போட்டால் போச்சு என்று நினைப்பது ரொம்பப் பேர். ஏன் அது வேலை செய்வதில்லை?

6 அங்குல பிளாஸ்டிக் ஃபேன் பெட்டியில் மணிக்கு 200 முதல் 300 கன மீட்டர் என்று போட்டிருக்கும். வலை, தூசி, எதிர்க்காற்று எல்லாம் போக 150 வந்தால் நல்லது. வெளியே 150 போக வேண்டுமென்றால் உள்ளே 150 வர வேண்டும். வருகிற வழி எது? கதவடி இடுக்கு 90 செ.மீ. நீளம், 1 செ.மீ. உயரம், ஆக 90 சதுர செ.மீ. காற்று சுகமாக நுழைய 400 சதுர செ.மீ.யாவது வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் மோட்டார் சத்தம்தான் வரும், காற்று நகராது. படுக்கையறை ஜன்னல் ஒரு கதவை நான்கு அங்குலம் திறந்து, பாத்ரூம் கதவையும் ஒருக்களித்து வையுங்கள். அப்போது காற்று ஜன்னலில் நுழைந்து, அறையைக் கடந்து, பாத்ரூம் வழியாக வெளியேறும்.

திசைதான் முக்கியம். எக்ஸாஸ்ட் அடுப்படியில், பிடிப்பவர் படுக்கையறையில் என்றால் அந்த ஃபேன் புகையை ஹால் முழுக்க இழுத்துக்கொண்டு போய்த்தான் வெளியே தள்ளும். ஃபேன் இல்லாமலிருப்பதே மேல்.

சீலிங் ஃபேனை அப்போது நிறுத்திவிடுங்கள். அது புகையைக் கலக்கிவிடும், எக்ஸாஸ்டால் கலங்கிய புகையை இழுக்க முடியாது. சிகரெட் அணைந்ததும் எக்ஸாஸ்டை நிறுத்தாதீர்கள், இன்னும் அரை மணி நேரமாவது ஓடட்டும். மூச்சிலும் சட்டையிலும் ஒட்டியது கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும்.

திண்ணை_வாசி
பால்கனியில் பிடிக்கிறவர்களுக்கும் இதே திசைக் கணக்குத்தான் அண்ணே. கோடையில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். கிழக்குப் பார்த்த பால்கனியில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்று ஊதினால் அத்தனையும் ஹாலுக்குள்தான். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அப்போது மேற்கு ஜன்னல் பக்கம் நின்றால் உள்ளே வரும். ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பத்து நொடியில் தெரியும். மொட்டை மாடிக்குப் போய், மாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பிடிப்பது நல்லது. திரும்பியதும் உடனே குழந்தையைத் தூக்க வேண்டாம், சட்டையை மாற்றிக் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வரட்டும்.

இதே கடல்காற்று நமக்குக் கிடைத்த வரம்தான். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டால் மணிக்கு 15 தடவைகூடக் காற்று மாறும். கெடிலக்கரை கணக்குப்படி 350 இறங்க 13 நிமிடம். வடிகட்டி சொன்ன 170 சுத்திகரிப்பான் தராத வேகம், வாயுவும் சேர்ந்து போகும், கரண்டு பில்லும் இல்லை.

உப்பனாறு
கடலூர் சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இரவில் ரசாயன வாடை அடிக்கும் நாளில் ஜன்னலைத் திற என்று சொல்ல முடியாது. போகி விடியலில் எந்த ஊரிலும் முடியாது. அந்த நேரத்துக்குத்தான் ஹெப்பா. மூக்கைக் கேட்டுவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

வடிகட்டி
அறைக் காற்று உண்மையில் எத்தனை தடவை மாறுகிறது என்று அளக்க வேண்டுமென்றால் ஒரு கார்பன் டைஆக்ஸைடு மீட்டர் போதும். இரண்டு மூன்று பேர் அறைக்குள் உட்கார்ந்து எண்ணை ஏற்றுங்கள், எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். 1,400ல் இருந்தது ஒரு மணி நேரத்தில் 900 ஆனது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் 420ஐ இரண்டிலும் கழித்தால் 980, 480. வகுத்தால் 2.04. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 0.71. மணிக்கு 0.7 தடவை. விலை குறைந்த மீட்டர்களில் சில கார்பன் டைஆக்ஸைடை அளப்பதே இல்லை, வேறு வாயுவைப் பார்த்து ஊகிக்கும். என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்பாறு
சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது: கொசுவர்த்திச் சுருள். 2003ல் வெளியான ஆய்வு ஒன்று சீன, மலேசியச் சுருள்களை எரித்து அளந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது விடும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். சிகரெட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, கட்டிலுக்கடியில் சுருளைக் கொளுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டுப் படுத்தால் என்ன மிச்சம்? குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் காற்றும் வரும்.

லாஸ்பேட்டை_மாடி
மாடியில்தான் பிடிப்பது என்று வீட்டில் பேசி ஒத்துக்கொண்டாகிவிட்டது. வேப்பும் நிறுத்தம். இரண்டு சந்தேகம். ஒன்று, கீழ்வீட்டுக்காரர் பிடித்தால் எங்கள் பாத்ரூமில் வாடை வருகிறது. இரண்டு, அறையில் ஏற்கெனவே ஊறிப்போனதை என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தான்
முதலாவது டக்ட் வேலை. எல்லா மாடி எக்ஸாஸ்டும் ஒரே குழியில் ஊதினால், யாருடைய ஃபேன் ஓடவில்லையோ அவர் வீட்டுக்குள் திரும்பும். ஃபேனுக்கு வெளியே தானாக மூடும் ஷட்டர் போடுங்கள், நிற்கும்போது இதழ்கள் முழுக்க மூடுகின்றனவா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் பாதி திறந்தே நிற்கும். நானி ட்ராப்பில் (தரை வடிகால் கிண்ணம்) தண்ணீர் வற்றியிருந்தாலும் அந்த வழியே வாடை வரும், புழங்காத பாத்ரூமில் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சொம்பு ஊற்றுங்கள். குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்து ஓட்டையை சிலிக்கானால் அடையுங்கள்.

கெடிலக்கரை
ஊறியதைப் பற்றி: படிந்த நிகோட்டின் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாவதை 2010ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். நைட்ரஸ் அமிலம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கேஸ் அடுப்பிலிருந்துதான். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒரே இழுப்பு இழுங்கள். வெறும் தூசி என்றால் சாம்பல் நிறம். சிகரெட் என்றால் டீ வடிகட்டிய துணி மாதிரி பழுப்பு, விரலில் பிசுபிசுக்கும், துணியை முகர்ந்தாலே தெரியும். (அடுப்படி ஃபேனில் செய்யாதீர்கள். தாளிப்பு எண்ணெயும் அப்படித்தான் வரும்.)

திரை, மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் இரண்டு தடவை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணையை வெயிலில் போட்டால் நாற்றம் குறையும், படிந்தது போகாது, குழந்தைக்குப் புதிது வாங்கிவிடுங்கள். ஏசிக்கு வாட்டர் சர்வீஸ் செய்யச் சொல்லும்போது காயிலோடு உள்ளே உருளும் புளோயரையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். வலையை மட்டும் தட்டிவிட்டுப் போனால் போட்ட பத்து நிமிடத்தில் பழைய வாடை திரும்ப வரும்.

திண்ணை_வாசி
சுவருக்கு நான். எமல்ஷன் அடித்த சுவர் என்றால் 5 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சலவை சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் பழுப்புத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாக நின்றுவிடும், அந்தக் கோடு எளிதில் போகாது. பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை. பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும், அல்லது பாத்ரூம் ஆசிடையும் சேர்த்துக் கலக்கிவிடாதீர்கள், குளோரின் கிளம்பும். டிஸ்டெம்பர் சுவர் என்றால் கழுவ முடியாது, கரைந்துவிடும், சுரண்டத்தான் வேண்டும்.

பெயின்டர் வழக்கம்போல வாட்டர் பேஸ் சிமென்ட் பிரைமர் அடிக்கப் பார்ப்பார். வேண்டாம். தண்ணீரில் கரைந்து மஞ்சள் கறை மேலே ஏறி, இரண்டு கோட் எமல்ஷனையும் தாண்டி முகம் காட்டும். ஆயில் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், அடித்த அன்றும் மறுநாளும் குழந்தை அந்த அறையில் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்
ஒரு எச்சரிக்கை: வைசியாள் வீதிப் பக்கத்துப் பழைய வீடு மாதிரி சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு ஆயில் பிரைமர் ஆகாது. ஈரம் உள்ளேயே மாட்டி, ஒரு மழைக்காலத்தில் தோல் உரிந்த மாதிரி கழன்று விழும். அங்கே பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புதான்.

லாஸ்பேட்டை_மாடி
எங்களுடையது சிமென்ட் பூச்சு, எமல்ஷன்தான். கழுவிய பிறகு எத்தனை நாள் காய விட வேண்டும்? அப்படியே, நிறுத்த நினைப்பவருக்கு உதவி எண் ஏதாவது உண்டா?

திண்ணை_வாசி
இப்போதிருக்கும் ஈரத்தில் ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து இரண்டு நாள். அவசரப்பட வேண்டாம். முதலில் பீரோவுக்குப் பின்னால் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் பிரைமர் அடித்து ஒரு நாள் விடுங்கள். மஞ்சள் ஏறவில்லை என்றால் முழுச் சுவருக்கும் போங்கள். ஏறினால் மறுபடி கழுவி, இன்னொரு கோட்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது.